சயாம் பூனை கூப்பிட்டால் யார் பதில் சொல்வது?

தில்லியைச் சுற்றி குர்காவ், நொய்டா, காஜியாபாத் என்று அடுக்குமாடிகளில் குடியிருக்கிற நம்மவர்கள் வீடுகளில் இப்போது ஒரு புதுக் கோரிக்கை கிளம்பியிருக்கிறது. நாய் வேண்டாமாம், பூனை வேண்டுமாம். அதுவும் ஏதோ ஒரு பூனை இல்லை. பிள்ளைகள் செல்போனில் படத்தைக் காட்டுகிறார்கள். பாலாடை நிறத்தில் உடம்பு, அடுப்புக்கரி பூசினாற்போல் முகமும் காதும் காலும் வாலும், நடுவே இரண்டு நீலக் கண்கள். சயாமீஸ் பூனை.

"பூனைதானே, அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். நாய் மாதிரி வாக்கிங் கூட்டிப் போகிற வேலை இல்லை" என்பதுதான் அப்பா அம்மாக்களின் கணக்கு. நம்மில் பலருக்குத் தெரிந்த பூனை அப்படித்தான் இருந்தது. ஊரில் யாரும் பூனையைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கொல்லைப்புறச் சுவர் வழியாக அது வரும். மீன் அலசுகிற நாளில் அடுக்களை வாசலில் நிற்கும். பரண் மேல் குட்டி போடும், குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு இடம் மாற்றும். பெயர்கூட இருக்காது. நாம் கோடை லீவுக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் அதற்கு ஒரு குறையும் இருக்காது. தெரு முழுக்க அதற்கு வீடு.

சயாமீஸ் அந்தப் பூனை இல்லை. அதை வாங்கும் முன் அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கட்சி. ஏனென்றால் அதன் முகம், கண், குரல் எல்லாவற்றிலும் மனிதர்கள் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளின் வரிசையில் அடுத்ததாக நிற்கப்போவது வாங்குகிற நாம்தான்.

சுவடியில் ஏறிய பூனை

சயாம் என்றால் நம் தாத்தாக்கள் தலைமுறைக்கு மரண ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். 1939-ல்தான் அந்த நாடு தாய்லாந்து என்று பெயர் மாறியது. பூனை மட்டும் பழைய பெயரையே வைத்துக்கொண்டுவிட்டது.

தாய்லாந்தில் 'தம்ரா மேவ்' என்று ஒரு வகைச் சுவடிகள் உண்டு. 'மேவ்' என்றால் அவர்கள் மொழியில் பூனை (எந்த ஊரிலும் பூனை தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது!). மரப்பட்டையிலிருந்து செய்த காகிதத்தில், விசிறி மாதிரி மடிக்கிற புத்தகங்கள் அவை. பக்கத்துக்குப் பக்கம் பூனைப் படமும், கூடவே செய்யுளும் இருக்கும். இந்த மரபு அயுத்தயா அரசு காலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். அந்த அரசு 1767-ல் பர்மியப் படையிடம் வீழ்ந்தது. இன்று கையில் கிடைக்கிற பிரதிகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் ஒன்று இருக்கிறது.

இந்தச் சுவடிகளில் வளர்த்தால் நன்மை தரும் பூனைகள் 17, வீட்டுக்கு ஆகாத பூனைகள் 6 என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் சந்தையில் மாடு பிடிக்கும்போது சுழி பார்ப்பார்களே, அதே மாதிரி அங்கே பூனைக்கு லட்சணம் பார்த்திருக்கிறார்கள். செம்பு நிறத்துப் பூனைக்கு 'சுபலக்' என்று பெயர். நம்ம 'சுபலட்சணம்'தான் அங்கே போய் அப்படிச் சுருங்கியிருக்கிறது. இன்றைக்கு சயாமீஸ் என்று நாம் சொல்கிற, முகமும் கால்களும் கறுத்த பூனைக்கு 'விச்சியன்மாத்' என்று பெயர். அதில் 'விச்சியன்' என்பது 'வஜ்ர' என்ற சொல்லின் தாய்லாந்து உருவம். வைரம் என்று பொருள். 'மாத்' என்றால் பொன்.

அரண்மனையில் மட்டுமே இந்தப் பூனை இருந்தது, ராஜா மனம் வைத்தால்தான் வெளியே வரும் என்றெல்லாம் விற்பவர்கள் கதை சொல்வார்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் பரப்பிய கதை. சுவடியைப் பார்த்தால் அது ஒரு ஊர்ப் பூனைதான். கோயிலிலும் வீட்டிலும் மனிதர்களுக்கு நடுவே வாழ்ந்து, நல்ல லட்சணம் என்று பேர் வாங்கியது. என்னைக் கேட்டால் அதுவே பெரிய கௌரவம்.

கப்பல் ஏறிய கதை

1871 ஜூலை 13. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய அளவில் ஒரு பூனைக் கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர் ஹாரிசன் வியர் என்ற ஓவியர். 'வம்சாவளிப் பூனை' என்று இன்று நடக்கிற மொத்த வியாபாரத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டது அந்த நாள்தான். அங்கே சயாம் பூனைகளும் வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு ஒரு பத்திரிகைக்காரர், இது இயற்கைக்கு விரோதமானது, கெட்ட கனவில் வருகிற பூனை என்கிற ரீதியில் எழுதினார். அங்கே சுபலட்சணம், இங்கே கெட்ட சொப்பனம். பூனை என்னவோ அதே பூனைதான்.

அடுத்தது அமெரிக்கா. 1878-ல் பாங்காக்கில் அமெரிக்கத் தூதராக இருந்த டேவிட் சிக்கல்ஸ், ஜனாதிபதி ஹேய்ஸின் மனைவி லூசிக்குப் பூனை பிடிக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு சயாம் பூனையைப் பரிசாக அனுப்பினார். ஹாங்காங் போய், பசிபிக் கடலைத் தாண்டி, சான்பிரான்சிஸ்கோவில் இறங்கி, தரைவழியாக அந்த நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டனுக்கு 1879 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. 'சயாம்' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளை மாளிகையில் செல்லமாகத்தான் இருந்தது. அந்த வருஷ இலையுதிர் காலத்தில் நோயில் விழுந்தது. மீன், கோழி, வாத்து, சிப்பி என்று விதவிதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜனாதிபதியின் டாக்டரே வந்து பார்த்தார். பிழைக்கவில்லை. வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை.

1884-ல் பாங்காக்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி எட்வர்ட் பிளென்கோ கூல்ட், தன் தங்கை லிலியனுக்காக ஒரு ஜோடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஃபோ, மியா என்று பெயர். அவற்றின் மூன்று குட்டிகளும் 1885 கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் நின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் வாய் பிளந்தார்கள். காட்சி முடிந்து கொஞ்ச நாளில் மூன்று குட்டிகளும் செத்துப் போயின.

அந்தக் காலத்தில் பூனைகளுக்குத் தடுப்பூசி கிடையாது. நூற்றுக்கணக்கான பூனைகளை ஒரே கூடத்தில் அடைத்துக் காட்சி வைத்தால் என்ன ஆகும் என்று இன்று எந்தக் கால்நடை டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அன்றைக்கு எழுதி வைக்கப்பட்டது 'சயாம் பூனை ரொம்ப மென்மையானது, நம் குளிருக்குத் தாங்காது' என்றுதான். பழி பூனை மேல்.

1901-ல் பிரிட்டனில் சயாமீஸ் பூனைச் சங்கம் தொடங்கியது. லிலியன் கூல்ட்டும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்த வருஷமே இனத்தின் அடையாளங்களை வரையறுத்து எழுதினார்கள். சுவடியில் செய்யுளாக இருந்த லட்சணம், மார்க் போடுகிற பட்டியலாக மாறியது.

மாறுகண்ணும் மடங்கிய வாலும்

ஆரம்பத்தில் வந்த சயாம் பூனைகளில் பலவற்றுக்கு இரண்டு விசேஷங்கள் இருந்தன. ஒன்று, மாறுகண். இன்னொன்று, நுனியில் கொக்கி போல் மடங்கிய வால். இரண்டுக்கும் கதைகள் உண்டு. ஒரு இளவரசி குளிக்கப் போகும்போது மோதிரங்களைப் பூனையின் வாலில் மாட்டி வைத்தாளாம், அவை விழாமல் இருக்க வால் மடங்கிக்கொண்டதாம். கோயிலில் ஒரு பொற்கிண்ணத்தை இமைக்காமல் காவல் காத்துக் காத்துக் கண் மாறுகண் ஆனதாம். கேட்க அழகாக இருக்கிறது.

கண்காட்சி நடுவர்களுக்கு இந்தக் கதைகள் பிடிக்கவில்லை. இரண்டும் குறை என்று மார்க்கைக் குறைத்தார்கள். வளர்ப்பவர்களும் அப்படிப்பட்ட பூனைகளை விலக்கி விலக்கி, சில பத்தாண்டுகளில் இரண்டையும் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள்.

இங்கேதான் விஞ்ஞானம் உள்ளே வருகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி இது.

சயாம் பூனைக் குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். கறுப்பு பிறகுதான் ஏறும். ஏன்? 1930-ல் மாஸ்கோவில் இல்யின் என்ற பெயருடைய இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உடம்பில் ஓரிடத்தில் முடியை மழித்துவிட்டு, அந்த இடத்தைக் குளிர்ச்சியாக வைத்தார்கள். புதிதாக முளைத்த முடி கறுப்பாக வந்தது. சூடாக வைத்த இடத்தில் வெளுப்பாக வந்தது. அதாவது இந்தப் பூனைக்கு நிறம் தருகிற நொதி, உடம்பின் வழக்கமான சூட்டில் வேலை செய்யாது. சூடு குறைவான காது, மூக்கு, பாதம், வால் ஆகிய இடங்களில் மட்டும் வேலை செய்யும். தாயின் வயிற்றில் எல்லா இடமும் ஒரே சூடு. அதனால்தான் குட்டி வெள்ளை. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2005-ல் துல்லியமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே மரபணுவில் இன்னொரு மாற்றம்தான் பர்மீஸ் பூனையின் பழுப்பு நிறத்துக்குக் காரணம். சுருக்கமாகச் சொன்னால், நம் சயாம் பூனை ஒரு நடமாடும் தெர்மாமீட்டர். தில்லிக் குளிரில் வளர்கிற பூனை, நம் ஊர் வெயிலில் வளர்கிற பூனையைவிடக் கறுத்துப் போக வாய்ப்பு உண்டு. குளிர்காலத்தில் நிறம் மாறுகிறதே, நோயா என்று பயப்பட வேண்டாம்.

மாறுகண்ணுக்கும் இதே மரபணுதான் மூலம். நிறமி குறைந்தால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புகள் வளரும்போதே தடம் மாறிவிடுகின்றன. எந்த நரம்பு மூளையின் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அதில் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. 1969-ல் கில்லரி என்பவர் இதைச் சயாம் பூனையில் காட்டினார். 1971-ல் ஹியூபெல், வீசல் இருவரும் மூளை இந்தக் குழப்பத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று எழுதினார்கள். பார்வையைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக இந்த இருவரும் 1981-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள். பூனை மாறுகண்ணாகப் பார்ப்பது, தடம் மாறிய நரம்போடு ஒத்துப்போக அதன் உடம்பு செய்கிற முயற்சி.

யோசித்துப் பாருங்கள். அந்த நீலக் கண் வேண்டும் என்றுதான் எல்லோரும் காசு கொடுக்கிறோம். நிறமி இல்லாததால்தான் அது நீலம். அதே காரணத்தால்தான் நரம்பும் தடம் மாறியது. நடுவர்கள் மாறுகண்ணை ஒழித்தார்களே தவிர, உள்ளே நரம்பு அதே மாதிரிதான் இருக்கிறது. நேராகப் பார்க்கிற சயாம் பூனைக்கும் அப்படித்தான். வெளியே தெரிகிற குறை போனது, உள்ளே இருப்பது போகவில்லை.

ஆப்பிள் தலையும் ஆப்புத் தலையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பூனைக்கு மேற்கு நாடுகளில் ஏக மவுசு. 1950களில் மிகப் பிரபலமான வம்சாவளிப் பூனைகளில் ஒன்று அது. 1955-ல் டிஸ்னி எடுத்த 'லேடி அண்ட் தி டிராம்ப்' கார்ட்டூனில் இரண்டு வில்லிகளாக சயாம் பூனைகள் வந்தன. ஆசியர்களைக் கேலி செய்கிற மாதிரி அவற்றுக்குப் பேச்சும் பாட்டும். 2019-ல் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்தபோது அந்தப் பூனைகளையே மாற்றிவிட்டார்கள். வெள்ளை மாளிகைக்கும் மறுபடி போனது. 1970களில் ஜனாதிபதி ஃபோர்டின் மகளிடம் ஒன்று, அடுத்து வந்த கார்ட்டரின் மகளிடம் ஒன்று.

மவுசு வந்தால் ஃபேஷனும் வருமே. கூல்ட் கொண்டுவந்த பூனைகளின் பழைய புகைப்படங்கள், அந்தக் காலத்துப் பூனைகளின் படங்கள் எல்லாம் பார்த்தால் உருண்டையான முகம், நல்ல கட்டான உடம்பு. நடுவர்களுக்கு ஒல்லியான, நீளமான பூனை பிடித்தது. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக முகம் நீண்டு, காது பெருத்து, உடம்பு குழாய் மாதிரி ஆனது. 1980கள் வாக்கில் பழைய உருவத்துப் பூனைகள் கண்காட்சிகளில் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டன. ஆங்கிலத்தில் பழைய வகையை ஆப்பிள் தலை என்றும், புதிய வகையை ஆப்பு வடிவத் தலை என்றும் சொல்கிறார்கள். தமிழில் இது ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆப்பிள் தலைக்கு ஆப்பு வைத்துவிட்டார்கள் :-)

பழைய வகையை விடாமல் வளர்த்தவர்களும் இருந்தார்கள். தாய்லாந்திலிருந்தே புதிதாகப் பூனைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசியில் சர்வதேசப் பூனைச் சங்கமான டிக்கா, 2010-ல் அந்த வகையை 'தாய்' என்ற தனி இனமாகப் போட்டிகளில் முழுமையாகச் சேர்த்துக்கொண்டது. பழைய சயாம் பூனை தன்னுடைய ஊர்ப் பெயரை இழந்து, அதே ஊரின் புதுப் பெயரில் மறுபிறவி எடுத்தது.

இது வெறும் அழகுப் போட்டிச் சண்டை என்று நினைத்தால், பங்காளியான பர்மீஸ் பூனைக்கு நடந்ததைப் பாருங்கள். 1930-ல் டாக்டர் ஜோசப் தாம்சன் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் வைத்திருந்த 'வோங் மாவ்' என்ற பழுப்பு நிறப் பெண் பூனையிலிருந்துதான் அமெரிக்க பர்மீஸ் இனம் கிளைத்தது. ஜோடி சேர்க்க இன்னொரு பர்மீஸ் கிடைக்கவில்லை, சயாம் ஆணோடு சேர்த்தார்கள். 1970களில் குட்டை மூக்கும் உருண்டைத் தலையுமாக ஒரு சாயல் வந்தது. நடுவர்கள் கொண்டாடினார்கள். எல்லோரும் அந்தச் சாயலையே வளர்த்தார்கள். ஆனால் அந்த முகத்தைத் தந்த மரபணு மாற்றம் தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால், குட்டி முகமும் மண்டையும் சிதைந்து பிறக்கும், பிழைக்காது. எந்த மரபணு என்று 2016-ல்தான் தெரிந்தது. சாகப் பிறந்த குட்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் கோப்பைகளும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சயாம் இனத்துக்கும் தன் பங்குக்குச் சில சுமைகள் உண்டு. விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுப் பார்வை போகிற பரம்பரை நோய் ஒன்று இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. அதற்கு மரபணுச் சோதனை உண்டு. ஆஸ்துமாத் தொந்தரவும் மற்ற பூனைகளைவிட அதிகம் பார்க்கிறார்கள். விற்பவரிடம் 'சர்டிபிகேட் இருக்கா' என்று கேட்கிறோமே, அந்தக் காகிதம் தாத்தா பாட்டி பெயரைத்தான் சொல்லும். தாயும் தகப்பனும் சோதனை செய்யப்பட்டவையா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பேசுகிற பூனை

இனி குணத்துக்கு வருவோம். சயாம் பூனை பேசும். மியாவ் என்று ஒரு தரம் சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை. கைக்குழந்தை அழுகிற மாதிரி கனத்த குரலில், நாம் பதில் சொல்கிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பின்னாலேயே வரும். பாத்ரூம் கதவுக்கு வெளியே உட்காரும். லேப்டாப் மேல் படுக்கும். அலமாரிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். ஆளோடு இருந்தால் இதைப் போல் ஒட்டுதலான பூனை இல்லை.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்தச் சத்தம் பெரும்பாலும் மனிதர்களுக்காக வைத்திருப்பது. சயாம் பூனை நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து அதில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டது, அவ்வளவுதான்.

குணமும் இனத்தோடு வருவதுதானா? பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 5,700 பூனைகளைப் பற்றிய விவரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். இனத்துக்கு இனம் குணம் மாறுவதும், அதில் கணிசமான பங்கு பரம்பரையாக வருவதும் 2019-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இன்னொரு குட்டை முடி இனமான பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், மனிதர்களை அதிகம் தேடாத பூனையாக அதில் வந்தது. ஆகவே 'குட்டை முடிப் பூனை' என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. சீவிவிடுகிற வேலை இரண்டுக்கும் குறைவு. ஆனால் ஒன்று தள்ளி உட்காரும், இன்னொன்று மடியில் ஏறும்.

அதே குழு 2017-ல் இன்னொன்றையும் கண்டது. 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் பிற்பாடு சிடுசிடுப்பாக மாறுவது அதிகம். இங்கே கடைகளில் 'குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, சீக்கிரம் பழகிடும்' என்று ஐந்தாறு வாரக் குட்டியை எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். வாங்காதீர்கள்.

இப்படி ஒரு பூனையைக் காலை எட்டரைக்குப் பூட்டிவிட்டு இரவு எட்டரைக்குத் திறந்தால் என்ன ஆகும்? கத்தும். முடியை நக்கி நக்கி வழுக்கையாக்கிக்கொள்ளும். கம்பளி, துணி என்று மெல்லும். இந்தத் துணி மெல்கிற பழக்கம் சயாம், பர்மீஸ் இனங்களில் பேர்போனது. விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். 'கெட்ட பழக்கம்' என்று அதைத் திட்டுகிறோம். நூறு வருஷமாக மனிதனை ஒட்டியே இருக்கிற குணத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துவிட்டு, பிறகு பூட்டிவிட்டுப் போவது நாம்.

நம் வீட்டுக்கு வந்தால்

முதலில் சாப்பாடு. நம்மவர்களில் சைவ வீடுகள் நிறைய. பூனைக்கும் பால் சாதம், தயிர் சாதம் போட்டு வளர்க்கலாம் என்று நினைத்தால் முடியவே முடியாது. பூனைக்கு டாரின் என்ற சத்து சாப்பாட்டிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது மாமிசத்தில்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயம் பெருத்துச் செயலிழக்கும் என்று 1987-லும் நிரூபித்துவிட்டார்கள். ஊர்ப் பூனை நாம் வைத்த தயிர் சாதத்தால் வாழவில்லை. கொல்லையில் பிடித்த எலியால் வாழ்ந்தது. பதினாலாவது மாடியில் எலி கிடையாது. ஆகவே மீன், கோழி அல்லது டாரின் சேர்த்த பூனை உணவு வீட்டுக்குள் வர வேண்டும். இது சம்மதமில்லை என்றால் முயல் வளர்க்கலாம், தப்பில்லை. வெங்காயமும் பூண்டும் போட்ட சாம்பார் சாதம் பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

பால்கனிக்கு வலை அடிக்காமல் பூனையைக் கொண்டுவரவே கூடாது. புறாவைப் பார்த்தால் அது மாடிக் கணக்குப் பார்க்காது.

சயாம் பெண் பூனை சீக்கிரமே வயசுக்கு வந்துவிடும், நான்கைந்து மாதத்தில்கூட. அப்போது அது போடுகிற கூச்சலில் செக்யூரிட்டியே மேலே வருவார். கருத்தடை ஆபரேஷனை எப்போது செய்யலாம் என்று முதல் தடுப்பூசிக்குப் போகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ரேபீஸ் ஊசியும், மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற ஊசியும் கட்டாயம். 1885-ல் அந்த மூன்று குட்டிகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

பகலில் ஆள் இல்லாத வீடென்றால் ஒன்றுக்குப் பதில் இரண்டாக வளர்ப்பதே நல்லது. செலவு இரட்டிப்பு, உண்மைதான். தாத்தா பாட்டி கூட இருக்கிற வீடு, ஒருவராவது வீட்டிலிருந்து வேலை பார்க்கிற வீடு என்றால் ஒன்று போதும். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஆபீஸ் போகிறோம். ஆகவே மகளிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் பேசவில்லை. பரவாயில்லை.

கடைசியாக, நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு மட்டுமே உள்ள கேள்வி. இரண்டு வருஷத்தில் வேலை மாறும், பெங்களூரு போவோம், ஆன்சைட் என்று கிளம்புவோம். 2024-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் பூனைகளின் சராசரி ஆயுள் சுமார் 11.7 வருஷம். பர்மீஸுக்கு 14.4. முடியில்லாத ஸ்பிங்க்ஸுக்கு 7 வருஷம்கூட இல்லை (ஃபேஷனின் விலை!). இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்குகிற பூனை, அவன் காலேஜ் முடித்து வேலைக்குப் போகிற வரை நம்மோடு இருக்கும். வீடு காலி செய்யும்போது பாத்திரத்தைக் கொடுப்பது போல் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால், நம் குரலுக்கு மட்டுமே பழகிய பூனை புதுவீட்டில் எத்தனை நாள் கத்தும் என்று யோசிக்க வேண்டும். சிலர் கீழே பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தெருப்பூனைக்குத் தெரு தெரியும். இதற்கு மனிதர்களை மட்டும்தான் தெரியும்.

அதற்காக வளர்க்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நேரம் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. வாங்குவதானால் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்த கடையா என்று பாருங்கள். தாய்ப் பூனையை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஆப்புத் தலையை விட்டு ஆப்பிள் தலையைத் தேடுங்கள். நேரம் குறைவென்றால், நீலக் கண் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றால், உங்கள் காலனி ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலேயே இரண்டு உடன்பிறப்புக் குட்டிகள் இருக்கும். வம்சாவளிக் காகிதம் கிடையாது, விலையும் கிடையாது. சுவடியில் அதற்கும் ஒரு லட்சணம் எழுதியிருந்தாலும் இருக்கும்.